வடநெம்மேலியிலிருந்து வரும் மருந்து: இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் வரலாறு

இந்த மலருக்கு நம் ஊர் மருத்துவ வசதியைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று குழுவினர் கேட்டார்கள். அரசு மருத்துவமனை ஆய்வகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் என்னிடம் வந்தார்கள். எந்தக் கட்டடம் எப்போது திறக்கப்பட்டது, எத்தனை படுக்கை என்ற விவரமெல்லாம் அலுவலகக் கோப்பில் இருக்கின்றன. எந்தக் கோப்பிலும் இல்லாத ஒரு வரலாற்றை எழுதுகிறேன் என்றேன். ஒத்துக்கொண்டார்கள்.

வெள்ளாற்றங்கரையில் நெல்லும் கரும்பும், மேட்டுப்பக்கம் மக்காச்சோளமும் பருத்தியும் விளைகிற பூமி நம்முடையது. ராத்திரி மோட்டார் போடப் போகிறவர், விடியலில் கரும்பு வெட்ட இறங்குகிறவர், விறகுக் கட்டைத் தூக்குகிறவர் என்று பாம்பின் வாயில் காலோ கையோ படாத வருஷம் நம் திட்டக்குடித் தாலுகாவில் கிடையாது. விருத்தாசலம் பக்கம் பீங்கான் சூளைகளில் வேலை செய்கிறவர்களுக்கும் இது தெரியும். அடுக்கி வைத்த விறகும் உடைந்த சாமான் குவியலும் எலிக்கு வீடு. எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரத்தான் செய்யும். நம் ஊர்ச் சாமிக்கே வைத்தியநாதர் என்று பெயர். சாமியை வேண்டிக்கொண்டு, அதே கையோடு அரசு மருத்துவமனைக்கு ஓடினால் அங்கே ஏற்றுவது வெள்ளைத் தூளைக் கரைத்த ஒரு மருந்து. டாக்டர்களும் செவிலியர்களும் ஏ.எஸ்.வி. என்பார்கள். பாம்பு விஷமுறிவு மருந்து. புட்டியின் மேல் மும்பை, ஹைதராபாத், புனே வட்டாரத்துக் கம்பெனிகளின் முகவரி அச்சிட்டிருக்கும். அந்த மருந்துக்கு மூலப்பொருள் பாம்பின் விஷம். பல பத்தாண்டுகளாக இந்தியாவின் விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தில் மிகப் பெரும்பகுதியை எடுத்துக் கொடுத்தது நம் மாநிலத்தைச் சேர்ந்த ஒரு சிறிய கூட்டுறவுச் சங்கம். கிழக்குக் கடற்கரைச் சாலையில், மாமல்லபுரத்துக்குச் சற்று வடக்கே வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம்தான் அது. புட்டியில் அதன் பெயர் இருக்காது. இந்த மலரிலாவது இருக்கட்டும்.

இருளர்களைப் பற்றி நமக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களிலும், விழுப்புரம், கடலூர்ப் பக்கமும் ஏரிக்கரை, வயலோரம் என்று குடியிருப்பவர்கள். எலி பிடிப்பது, மூலிகை பறிப்பது, செங்கல் சூளை வேலை, கரும்பு வெட்டு, அரிசி ஆலை வேலை என்று பிழைப்பவர்கள். கன்னியம்மன் அவர்கள் தெய்வம். மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் கூடிக் கும்பிடுவார்கள். பாம்பு பிடிப்பது அவர்களுக்கு வித்தை காட்டும் தொழிலாக என்றும் இருந்ததில்லை. மகுடி ஊதுகிறவர்கள் வேறு. இருளர் மண்ணைப் பார்த்துப் பாம்பைத் தேடுகிறவர்.

அந்தத் திறமையை ஒரு காலத்தில் விலைக்கு வாங்கியது தோல் வியாபாரம். சென்னை வட்டாரத்துத் தோல் வியாபாரிகள் பாம்புத் தோலை வாங்கிப் பதனிட்டு வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே அது கைப்பையாகவும் செருப்பாகவும் இடுப்பு வாராகவும் ஆனது. சாரை, நல்லபாம்பு, விரியன் என்று லட்சக்கணக்கில் உரித்தார்கள். உரித்தவருக்குக் கிடைத்தது சொற்பம், விற்றவருக்கு மிச்சம். நெல்வயலில் எலியைத் தின்னும் பாம்பு அத்தனையும் இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது அதைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் மிகக் குறைவு.

கவலைப்பட்டவர்களில் ஒருவர் ரோமுலஸ் விட்டேக்கர். 1943இல் நியூயார்க்கில் பிறந்து, சிறுவயதிலேயே இந்தியாவுக்கு வந்து வளர்ந்தவர். அமெரிக்காவில் மயாமி பாம்புப் பண்ணையில், விஷம் எடுப்பதில் பேர் பெற்ற பில் ஹாஸ்டிடம் வேலை பார்த்துத் திரும்பியவர். 1972இல் கிண்டியில் சென்னைப் பாம்புப் பண்ணையை அமைத்தார். 1976இல் வடநெம்மேலியில் முதலைப் பண்ணை வந்தது. பாம்பைப் பற்றி அவர் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி இருளர்களோடு வயல் வயலாக நடந்து கற்றது. அதை அவரே பல இடங்களில் எழுதியிருக்கிறார்.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976இல் பாம்புத் தோல் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. பாம்புக்கு அது நல்ல காலம். இருளருக்கோ ஒரே நாளில் அடுப்பு அணைந்தது போல ஆயிற்று. காடும் இல்லை, நிலமும் இல்லை, இருந்த ஒரு தொழிலும் குற்றமாகிவிட்டது. சட்டம் போட்டவர்கள் அந்தக் குடும்பங்களுக்கு மாற்று வழி எதையும் யோசித்து வைத்திருக்கவில்லை. இந்த இடத்தை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இயற்கையைக் காக்கும் சட்டங்கள் வரும்போதெல்லாம் அதன் செலவை ஏழைகள் தலையில் வைப்பது இன்றைக்கும் நடக்கிறது. இங்கே மட்டும், அந்தச் செலவை வருமானமாக மாற்ற ஒரு வழி கண்டுபிடிக்கப்பட்டது.

வழி எளிமையானது. பாம்பைக் கொல்லாமல் பிடிப்பது, விஷத்தை எடுப்பது, மறுபடி விடுவது. தோல் ஒரு முறைதான் கிடைக்கும், விஷமோ திரும்பத் திரும்ப ஊறும். விட்டேக்கரும் இருளர் பெரியவர்களும் சேர்ந்து முயன்று 1978இல் சங்கத்தைப் பதிவு செய்தார்கள். மாநில அரசின் தொழில் வணிகத் துறையின் கீழ் வரும் தொழிற் கூட்டுறவுச் சங்கம் அது. உறுப்பினர்கள் இருளர்கள். ஆனால் பதிவான உடனே வேலை தொடங்கிவிடவில்லை. பாதுகாக்கப்பட்ட உயிரினத்தைப் பிடிக்க வனத்துறை அனுமதி வேண்டும், விஷம் வாங்க ஆள் வேண்டும், எடுத்த விஷம் கெடாமல் உலர்த்தக் கருவி வேண்டும். 1982இல்தான் விஷம் எடுப்பது முறையாக ஆரம்பமானது. முதலைப் பண்ணை வளாகத்தில் இடம் கிடைத்தது. முதலை பார்க்க வந்த மக்கள் பாம்பு விஷம் எடுப்பதையும் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த நுழைவுக் கட்டணமும் சங்கத்துக்கு ஒரு வருமானம் ஆயிற்று.

சங்கம் பிடிப்பது நான்கே வகை: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்தியாவில் பாம்புக் கடிச் சாவுகளில் பெரும்பகுதிக்குக் காரணம் இந்த நான்கும்தான் என்பதால் விஷமுறிவு மருந்தும் இந்த நான்குக்கும் சேர்த்தே தயாராகிறது.

அந்த வளாகத்தில் முதலில் கண்ணில் படுவது மண்பானைகள். கொஞ்சம் பள்ளமான மணல் களத்தில் வரிசை வரிசையாக வைத்திருப்பார்கள். வாயில் துணி போட்டுக் கட்டியிருக்கும். மண்பானைக்குள் வெக்கை ஏறாது, காற்றும் போகும், இருட்டாகவும் இருக்கும். பாம்பு அலட்டிக்கொள்ளாமல் சுருண்டு கிடக்கும். கண்ணாடிப் பெட்டியிலோ கம்பிக் கூண்டிலோ போட்டால் மூக்கை இடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும். குயவர் வீட்டுப் பானையே இந்த வேலைக்குப் போதும் என்று கண்டவர்கள் இருளர்கள். மண்ணைச் சுட்டுப் பிழைக்கும் வட்டாரத்துக்காரனான எனக்கு அந்த வரிசையைப் பார்க்க மனம் நிறையும்.

பிடித்து வந்த பாம்பு ஏறத்தாழ மூன்று வாரம் அங்கே தங்கும். அதற்குள் நான்கு முறை விஷம் எடுப்பார்கள். பானையிலிருந்து கம்பிக் கொக்கியால் தூக்கித் தரையில் விட்டு, தலைக்குப் பின்னே மெதுவாக அழுத்திப் பிடிப்பார்கள். வாயில் மெல்லிய ரப்பர் தகடு கட்டிய கண்ணாடிக் குடுவையைக் காட்டியதும் பாம்பு கடிக்கும். பல் தகட்டைத் துளைத்து உள்ளே போகும். குடுவையின் சுவரில் இரண்டு இழையாக விஷம் வழியும். கண்ணாடி விரியனின் பல் நீளம், அது இறங்குவதைப் பார்க்கிறவர் கை தானாகப் பின்வாங்கும். பிடித்திருப்பவர் கை அசையாது. எடுத்த விஷத்தை உறைய வைத்து உலர்த்தித் தூளாக்கி, அடைத்து, கம்பெனிகளுக்கு அனுப்புவார்கள். மூன்று வாரம் முடிந்ததும், அடிவயிற்றுச் செதிலில் சிறு அடையாளம் வெட்டிப் பாம்பை வெளியே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அதே பாம்பு சீக்கிரமே மறுபடி பிடிபட்டால் அந்த அடையாளம் காட்டிக்கொடுத்துவிடும்.

சுருட்டை விரியன் ஒரு முறைக்குத் தருவது சில மில்லிகிராம்தான். ஒரு கிராம் சேர நூற்றுக்கணக்கான பாம்புகள் கடிக்க வேண்டும். ஒவ்வொன்றையும் யாரோ ஓர் இருளர் கள்ளிப் புதரிலும் கல்லிடுக்கிலும் தேடிப் பிடித்திருக்க வேண்டும். கையில் ஒரு கடப்பாரை, ஒரு குச்சி, ஒரு துணிப்பை, அவ்வளவுதான் கருவி. தடத்தின் பதிவு, வளை வாயில் மண் மழமழப்பாக இருப்பது, எச்சம், உரித்த சட்டை, இவற்றைப் பார்த்தே உள்ளே இருப்பது எது, இன்னும் இருக்கிறதா போய்விட்டதா என்று சொல்வார்கள். இது பள்ளிக்கூடத்தில் வந்த படிப்பு இல்லை. அப்பாவோடும் அம்மாவோடும் வரப்பில் நடந்து வந்த படிப்பு. பெண்களும் பிடிப்பார்கள்.

ஏன் இவ்வளவு பாடுபட்டு இதே நான்கு பாம்பின் விஷத்தையே எடுக்க வேண்டும், வேறு எந்தப் பாம்பு விஷமாவது ஆகாதா என்று என்னிடம் பலர் கேட்டதுண்டு. அதற்குப் பதில் சொல்லப் பிரேசிலுக்குப் போக வேண்டும்.

1890களில் பிரெஞ்சு மருத்துவர் ஆல்பர்ட் கால்மெட் சைகோனில் வேலை பார்த்தபோது நல்லபாம்பு விஷத்தைக் கொண்டு ஆராய்ச்சி தொடங்கி, பின்பு பிரான்சில் உலகின் முதல் விஷமுறிவு மருந்துகளில் ஒன்றைத் தயாரித்தார். ஒரே மருந்து எல்லாப் பாம்புக்கும் வேலை செய்யும் என்று அவர் நம்பினார். அந்த மருந்து பிரேசிலுக்குப் போனது. அங்கே கிராமப்புறத்தில் வைத்தியம் பார்த்துவந்த வைட்டல் பிரேசில் என்ற மருத்துவர் அதைச் சோதித்தார். அவர் நாட்டில் கொல்கிற பாம்புகள் ஜரராக்கா என்ற குழிவிரியனும், வாலில் கிலுகிலுப்பை கட்டிய கிலுகிலுப்பைப் பாம்பும். கால்மெட் மருந்து இரண்டின் விஷத்தையும் முறிக்கவில்லை. எந்தப் பாம்போ அந்தப் பாம்பின் விஷத்தைக் கொண்டுதான் மருந்து செய்ய வேண்டும் என்று வைட்டல் பிரேசில் நிறுவினார். சாவோ பாவ்லோவில் 1901இல் தொடங்கிய புட்டன்டான் நிறுவனத்தின் முதல் இயக்குநரும் அவரே. ஜரராக்காவுக்கு ஒன்று, கிலுகிலுப்பைப் பாம்புக்கு ஒன்று, இரண்டும் சேர்ந்தது ஒன்று என்று அங்கே மருந்து தயாரானது. நான்கு பாம்புக்கும் சேர்த்து நாம் ஏற்றிக்கொள்ளும் மருந்துக்கு அடிப்படை அன்று போட்டதுதான்.

அந்தக் கிலுகிலுப்பைப் பாம்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது நம் கண்ணாடி விரியனுக்குத் தூரத்துப் பங்காளி. இரண்டும் விரியன் குடும்பம். அதில் இரண்டு பெரும் கிளை உண்டு. கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் நடுவே வெப்பத்தை உணரும் குழி இருப்பது குழிவிரியன் கிளை. குழி இல்லாதது மற்றது. கிலுகிலுப்பைப் பாம்புகள் முதல் கிளை, அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே உண்டு. கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் இரண்டாவது. நல்லபாம்பும் கட்டுவிரியனும் வேறு குடும்பம். பெயரில் விரியன் இருந்தாலும் கட்டுவிரியன் விரியன் குடும்பத்தில் சேராது. தென்னமெரிக்கக் கிலுகிலுப்பைப் பாம்புக்கு வகைப்பாட்டியல் அறிஞர் லின்னேயஸ் 1758இல் குரோட்டலஸ் டியூரிசஸ் என்று பெயர் வைத்தார். கொலம்பியாவிலிருந்து அர்ஜென்டினா வரை வறண்ட புல்வெளிகளில் வாழ்கிறது. அது கடித்தால் கடிவாயில் பெரிய வீக்கம் இருக்காது. இமை தொங்கும், பார்வை இரண்டாகும், தசை கரைந்து சிறுநீர் கறுக்கும், சிறுநீரகம் கெடும். இதற்குக் காரணமான குரோட்டாக்சின் என்ற நச்சுப் புரதத்தைப் பிரித்துப் படிகமாக்கியது 1938இல், அதே புட்டன்டானில். பாம்பு விஷப் புரதம் ஒன்றைத் தனியாகப் பிரித்துப் படிகமாக்கியது உலகத்தில் அதுவே முதல் முறை.

கண்ணாடி விரியன் கதைக்கு நம் கடற்கரைத் தொடர்பு உண்டு. சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராக இருந்த பாட்ரிக் ரஸ்ஸல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், சோழமண்டலக் கடற்கரையில் சேகரித்த பாம்புகளைப் படத்தோடு 1796இல் நூலாக வெளியிட்டார். விஷமுள்ளது எது, இல்லாதது எது என்று ஊர் மக்களும் வெள்ளைக்காரர்களும் குழம்பிக் கிடந்த காலம். நாய்க்கும் கோழிக்கும் கடி போட்டுச் சோதித்துப் பிரித்துக் காட்டினார். வெள்ளைப் பாஷாணம் சேர்ந்த தஞ்சாவூர் மாத்திரை அப்போது பாம்புக்கடிக்குப் பேர்போன மருந்து. அதையும் விட்டுவைக்காமல் ஆராய்ந்தார். 1797இல் கண்ணாடி விரியனுக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. டபோயா ரஸ்ஸெலி என்பது இன்றைய அறிவியல் பெயர். மியான்மர், தாய்லாந்து பக்கத்து விரியனும் இதே இனம் என்று நெடுநாள் எண்ணியிருந்தார்கள். 2007இல் அது தனி இனமாகப் பிரிக்கப்பட்டது. மத்திய அமெரிக்கக் கிலுகிலுப்பைப் பாம்பையும் 2004இல் இப்படித்தான் டியூரிசஸிலிருந்து பிரித்தார்கள். வகைப்பாடு என்பது அருங்காட்சியக வேலை என்று நினைக்கக் கூடாது. பெயர் பிரிகிற இடத்தில் பெரும்பாலும் விஷமும் மாறும், விஷம் மாறினால் மருந்தும் மாற வேண்டும்.

இனி வடநெம்மேலித் தூள் மருந்தாகும் விதம். குதிரைக்கு அந்த விஷத்தை மிகச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டி ஊசி போடுவார்கள். குதிரையின் உடம்பு எதிர்ப்புப் பொருளை உருவாக்கும். ரத்தம் எடுத்து, அந்தப் பொருளைப் பிரித்து, ஒவ்வாமை தரும் பகுதியை பெப்சின் நொதியால் வெட்டிக் கழித்து, உலர்த்திப் புட்டியில் அடைப்பார்கள். கரைத்தால் ஒரு புட்டி 10 மில்லி. ஒரு மில்லி மருந்து நல்லபாம்பு விஷமோ கண்ணாடி விரியன் விஷமோ 0.6 மில்லிகிராம் முறிக்கும். கட்டுவிரியனுக்கும் சுருட்டை விரியனுக்கும் அது 0.45 மில்லிகிராம். கண்ணாடி விரியன் ஒரு கடியில் சராசரியாக 63 மில்லிகிராம் விஷம் ஏற்றும். பத்துப் புட்டி போட்டால் முறிவது 60 மில்லிகிராம். முதல் தவணையாக எட்டிலிருந்து பத்துப் புட்டி என்று இந்திய மருத்துவ வழிகாட்டி சொல்வது இந்தக் கணக்கில்தான். குழந்தைக்கும் அதே அளவுதான். ஆள் சின்னவர் என்று பாம்பு விஷத்தைக் குறைத்து ஏற்றாது.

போடலாமா வேண்டாமா என்று தீர்மானிக்க ஆய்வகத்தில் நாங்கள் செய்வது இருபது நிமிஷச் சோதனை. இதற்கு இயந்திரம் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து நிறுத்தி வைக்க வேண்டும். ஆட்டக் கூடாது, எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. இருபது நிமிஷம் ஆனதும் ஒரு தடவை சாய்த்துப் பார்க்க வேண்டும். ரத்தம் கெட்டியாகிக் குழாயோடு ஒட்டி நின்றால் உறைகிறது. தண்ணீர் போல ஓடினால் விரியன் விஷம் ரத்தம் உறையும் சக்தியைத் தின்றுவிட்டது என்று அர்த்தம், உடனே மருந்து ஏற்ற வேண்டும். குழாய் கண்ணாடியாகத்தான் இருக்க வேண்டும். கண்ணாடியின் பரப்புதான் ரத்தத்தை உறையத் தூண்டுகிறது, பிளாஸ்டிக் குழாயில் நல்ல ரத்தமும் உறையாமல் ஏமாற்றும். சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாயும் அப்படியே. அந்த இருபது நிமிஷமும் கதவுக்கு வெளியே நிற்கும் சனங்கள், "என்ன சார் ஆச்சு, சொல்லுங்க சார்" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். குழாயை அசைக்காமல் பதில் சொல்லப் பழகிக்கொள்ள வேண்டும்.

நல்லபாம்புக்கும் கட்டுவிரியனுக்கும் இந்தச் சோதனை உதவாது. அவை நரம்பை அடிக்கிற விஷம். இமை தொங்குகிறதா, மூச்சு திணறுகிறதா என்று பார்க்க வேண்டும். கட்டுவிரியன் ராத்திரியில், தரையில் பாய் விரித்துப் படுத்தவரைத்தான் பெரும்பாலும் கடிக்கும். பல் தடமே தெரியாது. விடியக்காலை வயிற்று வலி என்று வருவார்கள். கட்டிலும், ஓரத்தை நன்றாகச் செருகிய கொசுவலையும் எத்தனையோ பேரைக் காப்பாற்றும். கயிறு இறுக்கிக் கட்டுவதும், கத்தியால் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும் கேடு. கடிபட்ட காலையோ கையையோ அசைக்காமல் 108ஐக் கூப்பிட்டு வர வேண்டும். விரியன் கடித்துத் தாமதமாக வந்தவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டு, டயாலிசிஸ் தேடி பாண்டிச்சேரி ஜிப்மர் வரை போக வேண்டியிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அங்கே போய்ப் பிழைத்தவர்களும் உண்டு.

கொல்லும் அதே விஷம் மருத்துவத்துக்கு வேறு வழியிலும் உதவியிருக்கிறது. 1934இல் மெக்ஃபார்லேன், பார்னட் என்ற இரண்டு ஆங்கிலேய மருத்துவர்கள், கண்ணாடி விரியன் விஷத்தை நீர்த்துத் தடவினால் ஹீமோபீலியா நோயாளியின் ரத்தக் கசிவு நிற்பதைக் காட்டினார்கள். இன்றும் ரத்தம் காரணமின்றி உறையும் ஒருவகை நோயைக் கண்டறிய இந்த விஷத்தைக் கொண்டு செய்யும் சோதனை பெரிய ஆய்வகங்களில் நடக்கிறது. சுருட்டை விரியன் விஷத்தை ஆராய்ந்ததிலிருந்து மாரடைப்புக்கான டிரோஃபிபான் மருந்து உருவானது. ஜரராக்கா விஷம் காட்டிய வழியில் ரத்த அழுத்த மாத்திரை கேப்டோபிரில் வந்தது.

சங்கத்தின் பெருமையை மட்டும் சொல்லி முடித்தால் வரலாறு முழுமையாகாது. விஷம் முழுவதும் நம் வடதமிழகப் பாம்புகளிலிருந்தே எடுக்கப்பட்டதால், அந்த மருந்து வடக்கே, மேற்கே உள்ள பாம்புகளின் விஷத்தை அதே அளவுக்கு முறிப்பதில்லை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுனாகரின் குழு செய்த ஆய்வுகள் இதைக் காட்டியிருக்கின்றன. ஒரே இனப் பாம்பின் விஷமே ஊருக்கு ஊர் மாறுகிறது. நான்கில் சேராத பாம்புகளும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் மூக்கைத் தூக்கிக்கொண்டு திரியும் சிறிய குழிவிரியன் ஒன்று இருக்கிறது. கிலுகிலுப்பைப் பாம்பின் கிளையைச் சேர்ந்தது அது. அது கடித்துச் சிறுநீரகம் கெட்டு இறந்தவர்கள் கேரளத்திலும் இலங்கையிலும் உண்டு. நம் மருந்து அதற்கு உதவாது. வைட்டல் பிரேசில் நூறு வருஷத்துக்கு முன் கண்ட உண்மை இப்போது நம் வாசலில் வந்து நிற்கிறது. இதைச் சங்கத்தின் குறை என்று சிலர் பேசுவதை நான் ஏற்க மாட்டேன். ஒரு நாட்டுக்கே வேண்டிய வேலையை ஒரே ஒரு மூலையில் இருக்கும் ஏழைச் சங்கத்தின் தோளில் ஏற்றி வைத்தது யார்? ஒவ்வொரு மாநிலத்திலும் இப்படி ஒரு விஷ மையம் நாற்பது வருஷத்துக்கு முன்பே எழுந்திருக்க வேண்டும். அவற்றில் பயிற்சி கொடுக்கத் தகுதியானவர்கள் இருளர்களே.

வனத்துறை அனுமதி தாமதமாகிற வருஷங்களில் பானைகள் காலியாகவே கிடக்கும். அனுமதி வந்தாலும் இத்தனை பாம்புதான் என்று எண்ணிக்கை வரம்பு உண்டு. உறுப்பினர் குடும்பங்களுக்கு அது நேராகக் கூலி இழப்பு. பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போகிறார்கள். போக வேண்டியதுதான். ஆனால் வளையைப் பார்த்துப் பாம்பைச் சொல்லும் அந்தப் படிப்பை எந்தக் கல்லூரியும் இன்னும் எழுதி வைக்கவில்லை. அரசு கூட்டுறவுக்குக் கொடுக்கும் மற்ற உதவிகளைப் போல, இந்த அறிவைக் கற்றுக்கொடுக்கிறவர்களுக்கும் மாதச் சம்பளம் தர வேண்டும்.

உலகம் அந்த அறிவை மதித்ததற்கு ஒரு சாட்சி உண்டு. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், வளர்க்கக் கொண்டுவந்து விட்ட பர்மா மலைப்பாம்புகள் பெருகி அங்கிருந்த விலங்குகளைத் தின்று தீர்த்தன. அவற்றைக் கண்டுபிடிப்பது அங்கிருந்தவர்களுக்குப் பெரும்பாடாக இருந்தது. 2017இல் சங்கத்து உறுப்பினர்கள் மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும் அங்கே அழைத்தார்கள். மொழி தெரியாத ஊரில், பழகாத சதுப்பில், இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். ஒன்று பதினாறு அடி. 2018இல் விட்டேக்கருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. 2023இல் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் கிடைத்தது. பாம்பு பிடிக்கிறவர் என்று வாசலோடு நிறுத்தப்பட்ட ஒரு சமூகத்தைச் சேர்ந்தவர்கள் குடியரசுத் தலைவர் கையால் விருது வாங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் இறந்தார்கள் என்று 2020இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. இறந்தவர்களில் மிகப் பலர் கிராமத்து வீட்டிலேயே இறந்தவர்கள், மருத்துவமனைப் பதிவேட்டில் ஏறாதவர்கள். உலக சுகாதார நிறுவனம் 2017இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2030க்குள் சாவைப் பாதியாகக் குறைப்பது என்று மத்திய அரசு 2024 மார்ச்சில் செயல்திட்டம் வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் தமிழக அரசு, 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ் பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை எதுவானாலும் இனி ஒவ்வொரு கடியையும் தெரிவித்தாக வேண்டும்.

நம் தாலுகாவில் எந்த ஊரில், எந்த மாதத்தில், எந்தப் பாம்பு கடிக்கிறது என்ற கணக்கு இனிமேல்தான் சேரப் போகிறது. தொழுதூரிலும் பெண்ணாடத்திலும் எத்தனை புட்டி இருப்பு வேண்டும், திட்டக்குடியில் எத்தனை வேண்டும் என்பதை அந்தக் கணக்கை வைத்துக் கேட்டு வாங்கலாம். கடிபட்டவர் பச்சிலை போட்டு வீட்டிலேயே தேறிவிட்டாலும் சரி, ஊர்க்காரர்கள் அவரைக் கூட்டிவந்து மருத்துவமனைப் பதிவேட்டில் பெயர் ஏற்றச் சொல்ல வேண்டும் என்று இந்த மலரைப் படிக்கும் ஊராட்சித் தலைவர்களையும் மகளிர் குழுக்களையும் கேட்டுக்கொள்கிறேன்.